கழுத்தை இறுக்கும் டைனமின்
நரம்பு முனையில் செல் சவ்வு உட்குழிந்து, சிறு பையாகி, கழுத்துச் சிறுத்து நிற்கும். மூன்று கால் கொண்ட கிளாத்ரின் மூலக்கூறுகள் கூடைபோலப் பின்னி அந்தப் பையைத் தாங்குகின்றன. பிறகு வருகிறது டைனமின் புரதம். கழுத்தைச் சுற்றிச் சுருளாகப் படிகிறது; ஜிடிபி மூலக்கூறை உடைத்துப் பெறும் ஆற்றலால் இறுக்குகிறது. கழுத்து அறுந்து பை உள்ளே விடுபடுகிறது. சவ்வோ கிழிசலின்றி மூடிக்கொள்கிறது. எவ்வளவு நேர்த்தியான வேலை!

இதன் அருமையை உணர்த்தியது பழ ஈ. ‘ஷிபிரே’ வகை ஈக்களில் டைனமின் மரபணு திரிந்திருக்கும். சுமார் 29 டிகிரி செல்சியஸில் அவை முடங்கி விழும். நரம்பு முனைப் பைகள் கழுத்து அறுபடாமல் சவ்விலேயே தொங்கும். வெப்பம் தணிந்ததும் ஈக்கள் எழுந்து நடக்கும். நம் நரம்புகளும் ஓயாமல் பேசுவதற்கு இந்தப் புரதத்தையே நம்பியிருக்கின்றன.