ஸ்கோல்: மண்டையோடா, கிண்ணமா?

டென்மார்க், நார்வே, ஸ்வீடன்காரர்கள் கோப்பையை உயர்த்தி 'ஸ்கோல்' என்பார்கள். வைக்கிங்குகள் எதிரியின் மண்டையோட்டில் குடித்தார்களாம், ஆங்கில 'ஸ்கல்'தான் ஸ்கோல் ஆச்சாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் நிற்காது. பழைய நார்ஸ் மொழியில் 'ஸ்கால்' என்றால் கிண்ணம். ஸ்வீடிஷில் இன்றைக்கும் கிண்ணத்துக்குப் பெயர் ஸ்கோல்தான், மண்டைக்கு வேறு சொல். தராசைக் குறிக்கும் ஆங்கில 'ஸ்கேல்'கூட இந்தக் கிண்ணத்திலிருந்து போனதே.

அப்போ மண்டையோடு எங்கிருந்து வந்தது? 1636-ல் டென்மார்க் அறிஞர் ஓலே வோர்ம் வெளியிட்ட நூலில் 'கிராகுமால்' என்ற பழம்பாடலின் லத்தீன் மொழிபெயர்ப்பு இருக்கிறது. மாட்டின் தலையில் முளைத்த கொம்பைக் கவி விடுகதை மாதிரி சுற்றிவளைத்துச் சொல்ல, மொழிபெயர்ப்பில் அது கொல்லப்பட்டவர்களின் மண்டையோடாகிவிட்டது! ஐரோப்பா அதையே பிடித்துக்கொண்டது.

இன்னொரு சாட்சியையும் சிலர் இழுப்பார்கள். லொம்பார்டு அரசன் அல்போயின் தன் எதிரி குனிமுந்தின் தலையைக் கோப்பையாக்கினான், அந்த வகைக் கோப்பைக்கு 'ஸ்காலா' என்று பெயர் என எட்டாம் நூற்றாண்டில் பால் தி டீக்கன் எழுதினார். சரி, அதே வரியை முழுசாப் படிக்கணுமே. லத்தீனில் அதை 'பத்தேரா' என்பார்கள் என்றும் சேர்த்தே சொல்கிறார். பத்தேரா என்பது ஆழமில்லாத அகன்ற கிண்ணம். தவிர, அல்போயின் வைக்கிங்கே இல்லை. அவன் செத்து இருநூறு வருஷம் கழித்துத்தான் வைக்கிங் காலமே தொடங்குகிறது.