ஃபைசியின் அக்காக்கள்

கோழிக்கோட்டில் ரயிலை விட்டு இறங்கும்போது என் மொபைலில் ஒரு லிஸ்ட் இருந்தது. கடற்கரையில் அரிக்கடுக்கை, மிட்டாய்த் தெருவில் அல்வா, பழைய ஹோட்டல் ஒன்றில் கைமா அரிசி பிரியாணி, எல்லாம் முடித்துக் கடலைப் பார்த்தபடி ஒரு சுலைமானி. அந்த லிஸ்ட்டைப் போட்டது யார் என்று கேட்டால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ‘உஸ்தாத் ஹோட்டல்’தான். அஞ்சலி மேனன் எழுதி அன்வர் ரஷீத் இயக்கி 2012இல் வந்த படம். ஹாஸ்டல் கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நாலு தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் திலகனைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

லிஸ்ட் இரண்டே நாளில் முடிந்தது. அரிக்கடுக்கை மட்டும் லிஸ்ட்டைத் தாண்டி மனதில் நின்றது. கடல் பாறையில் ஒட்டி வளரும் சிப்பியைப் பிளந்து, அரிசி, தேங்காய், பெருஞ்சீரகம் சேர்த்து அரைத்த மாவை உள்ளே அடைத்து அவிக்கிறார்கள். பிறகு ஓட்டைக் கழற்றி மிளகாய் மசாலா பூசிப் பொரிக்கிறார்கள். ஒரு வாயில் கடலும் வயலும் சேர்ந்து வந்துவிடுகின்றன. சரி, ஊரைத் தின்று முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள்தான் குற்றிச்சிறைக்குப் போனேன், கூடப் படித்த தோழியின் வீட்டுக்கு.

குற்றிச்சிறை என்பது ஒரு பெரிய குளமும் அதைச் சுற்றிய பழைய தறவாடு வீடுகளும். பக்கத்தில் மரத்தால் அடுக்கடுக்காக எழும்பும் மிஷ்கால் பள்ளிவாசல். 1510இல் போர்ச்சுகீசியர்கள் தீ வைத்து, பிறகு எடுத்துக் கட்டியது. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களில் தாய்வழி முறை இன்னும் இருக்கிறது. கல்யாணமானாலும் பெண் தன் உம்மா வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். அவருக்குப் பெயர் புதியாப்பிள. தலை நரைத்த பிறகும் அந்த வீட்டில் அவர் புதியாப்பிளதான்.

நான் போன அன்று தோழியின் உம்மா உன்னக்காய் செய்துகொண்டிருந்தார். நேந்திரம் பழத்தை அவித்து மசித்து, உள்ளே தேங்காய்ப்பூவும் முட்டையும் சர்க்கரையும் முந்திரியும் வைத்து இலவங்காய் வடிவத்தில் உருட்டிப் பொரிப்பது. பெயரே அந்தக் காயிலிருந்து வந்ததுதான். பக்கத்தில் உம்மாவின் உம்மா முட்டமாலைக்கு மஞ்சள் கருவைப் பிரித்துக்கொண்டிருந்தார். கொதிக்கும் சர்க்கரைப் பாகில் கருவை நூலாக விட்டு எடுப்பது அது. மிஞ்சும் வெள்ளைக் கருவை வீணாக்காமல் அவித்து இன்னொரு பலகாரம். இதில் எதுவும் என் லிஸ்ட்டில் இல்லை. புதியாப்பிளைக்கு விருந்து வைத்து வைத்தே இந்தப் பலகாரங்கள் இவ்வளவு பெருகின என்று தோழி சொன்னாள்.

நான் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தேன். உம்மா மாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: “நல்ல படம் மோளே. நானும் அழுதேன். அந்தப் பையன வளத்த அக்காமார் நாலு பேர் இருந்தாங்களே, அவங்க அப்புறம் எங்க போனாங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. நாலு தடவை பார்த்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

படம் தொடங்குவதே அந்த அக்காக்களில்தான். மகன் வேண்டும் என்று காத்திருக்கும் அப்பா, வரிசையாகப் பிறக்கும் பெண்கள், கடைசியில் ஃபைசி. அம்மா இறந்துபோகிறாள். அக்காக்கள் நடுவில் வளர்ந்ததால்தான் அவனுக்குச் சமையலில் ஆசை வருகிறது. இது அழகான தொடக்கம். ஆனால் அந்த ஆசை ‘கலை’யாக மாற வேண்டும் என்றதும் படம் அக்காக்களை ஓரத்தில் விட்டுவிடுகிறது. கற்றுக்கொடுக்க ஒரு தாத்தா வருகிறார். கைப்பக்குவம் கரீம் இக்காவிடமிருந்து ஃபைசிக்கு, ஆணிடமிருந்து ஆணுக்குப் போகிறது. மதுரைக்கு அனுப்பி வைக்கிறாரே, அங்கேயும் பசித்தவர்களுக்குச் சோறு போடும் ஒரு ஆணைத்தான் அவன் சந்திக்கிறான். தாய்வழியாக வீடும் பெயரும் இறங்கும் ஒரு ஊரில் இந்தக் கதை ருசியைத் தந்தைவழியாக இறக்குகிறது.

படம் பொய் சொல்கிறது என்று சொல்ல வரவில்லை. ஹோட்டல் அடுப்பிலும் கல்யாண அண்டாவிலும் ஆண்கள்தான் நிற்கிறார்கள். குற்றிச்சிறையைப் பெண்களின் சொர்க்கம் என்று சொல்லவும் மனமில்லை. வீடு அவர்களுடையது, அடுப்பு வேலையும் அவர்களுடையதே. எழுத்தில் இந்தச் சமையலுக்கு இடம் இல்லாமலும் இல்லை. உம்மி அப்துல்லாவின் ‘மலபார் முஸ்லிம் குக்கரி’ போன்ற புத்தகங்கள் இருக்கின்றன. எனக்கு உறுத்துவது வேறு. ஒரு பையன் சமையலறைக்குள் நுழைந்தால் அது கதை. அப்பாவை எதிர்க்க வேண்டும், பாஸ்போர்ட்டை இழக்க வேண்டும், கடைசியில் ஜெயிக்க வேண்டும். ஒரு பெண் நுழைந்தால் அது வெறும் காலை ஆறு மணி.

நானும் இதில் கூட்டாளிதான். அம்மா அடுப்படிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் “படிக்கணும்மா” என்று தப்பித்தவள் நான். அது தப்பே இல்லை. அம்மாவுக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. ஆனால் அதே நான் ஃபைசியைப் பார்த்து, இவனை மாதிரி ஆக வேண்டும் என்று ஏங்கினேன். அம்மாவின் மீன்குழம்பில் தெரியாத கலை எனக்குத் திலகனின் கையில் தெரிந்தது. அதற்கு ஒரு கேமராவும் பின்னணி இசையும் தேவைப்பட்டிருக்கின்றன.

உம்மாவின் கையைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். “வேண்டாம் மோளே, சாப்பிடு” என்றார். அந்த ‘வேண்டாம்’ எனக்குப் பிடித்திருந்தது. இந்தச் சமையலறையையும் நம் லிஸ்ட்டில் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அதற்கான பதில் அது. அவர் பரிமாற, நான் உட்கார்ந்து சாப்பிட்டேன், ஒரு புதியாப்பிளையைப் போல.

2023இல் யுனெஸ்கோ கோழிக்கோட்டை இலக்கிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் முதல் ஊர். மிட்டாய்த் தெருவை வைத்து நாவல் எழுதிய பொற்றேக்காட்டுக்கு அந்தத் தெரு முனையிலேயே சிலை இருக்கிறது. திரும்பும்போது அதைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் ஏறியதும் அம்மாவுக்குப் போன் பண்ணி, மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டேன். “எதுக்குடி இப்ப?” என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கண்ணளவுதான். வா, பக்கத்துல நின்னு பாரு” என்றாள்.