முகமூடியும் கூற்றும்: எம்.எஃப். டூமின் ராப் கலையில் தன்னிலை

முன்னுரை

ராப் இசையில் பாடுபவரின் வாழ்வே பாட்டின் நம்பகத்தன்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பாட்டில் பேசும் 'நான்' பாடகரே என்னும் எதிர்பார்ப்பு கேட்போரிடம் வலுவாக உள்ளது. இசை நிறுவனங்களும் பாடகரின் முகத்தையே முதன்மை விற்பனைப் பொருளாக்குகின்றன. இவ்விரண்டையும் மறுத்தவர், எம்.எஃப். டூம் என அறியப்பட்ட டேனியல் டுமிலே (1971-2020). அவர் அணிந்த முகமூடியை விளம்பர உத்தியாகவோ இசைத்துறைக்கு எதிரான வஞ்சினமாகவோ மட்டும் கொள்வது போதாது. அது கூற்றுமுறை சார்ந்த கலைநெறி என்பதையும், அந்நெறியின் எல்லை எது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இழப்பும் மறுவருகையும்

இலண்டனில் பிறந்து நியூயார்க்கின் லாங் ஐலண்டில் வளர்ந்த டுமிலே, தம்பி சப்ராக்குடன் இணைந்து கே.எம்.டி. என்னும் குழுவில் இயங்கினார். குழுவின் முதல் தொகுப்பான 'மிஸ்டர் ஹூட்' 1991இல் எலெக்ட்ரா நிறுவனத்தின்வழி வெளிவந்தது. 1993இல் சப்ராக் கார் மோதி இறந்தார். இரண்டாம் தொகுப்பின் அட்டையில், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பழைய கேலிச்சித்திர உருவம் தூக்கில் தொங்குவதாக வரையப்பட்டிருந்தது. அவ்விழிவுருவை ஒழிப்பதே அப்படத்தின் நோக்கம். எனினும் எதிர்ப்பு எழுந்ததும், 1994இல் நிறுவனம் தொகுப்பையும் குழுவையும் கைவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு இடைவெளியில் தம்பியையும் தொழிலையும் இழந்த டுமிலே பொதுவெளியிலிருந்து மறைந்தார்.

1990களின் பிற்பகுதியில் மன்ஹாட்டனின் நூயோரிக்கன் கவிஞர் கஃபேயில், மெல்லிய காலுறையால் முகத்தை மறைத்து அவர் மீண்டும் மேடையேறினார். பின்னர் அது உலோக முகமூடியாயிற்று. மார்வெல் சித்திரக்கதைகளின் எதிர்நாயகனான டாக்டர் டூமிடமிருந்து இவ்வுருவம் பெறப்பட்டது. 'ஆபரேஷன்: டூம்ஸ்டே' (1999) என்னும் தொகுப்பு ஃபாண்டில் எம் என்னும் சிறு நிறுவனத்தின்வழி வெளிவந்தது.

படர்க்கையில் ஒரு 'நான்'

கூற்று என்னும் தமிழ்க் கலைச்சொல் இங்குப் பொருந்தும். பாட்டைப் புனைந்தவர் ஒருவர். பாட்டுக்குள் பேசுபவர் மற்றொருவர். டூம் தம்மைப் பல இடங்களில் படர்க்கையில் 'வில்லன்' என்றே சுட்டுகிறார். 2003இல் கிங் கீடோரா, விக்டர் வான் ஆகிய வேறு பெயர்களிலும் தொகுப்புகளை வெளியிட்டார். மேட்லிப் இசையமைத்த 'மேட்வில்லனி' (2004) தொகுப்பில் உள்ள 'ஃபேன்சி கிளவுன்' பாடலில் இந்நெறி உச்சம் பெறுகிறது. அதில் விக்டர் வான் தன் காதலியின் துரோகத்தைக் கண்டிக்கிறான். அவள் நாடிச் சென்றவனோ டூம். வஞ்சிக்கப்பட்டவனும் வஞ்சித்தவனும் ஒரே கவிஞரின் இரு மாந்தர்கள். இங்கு 'நான்' யார் என்னும் வினாவுக்கு வாழ்க்கை வரலாறு விடையளிக்காது.

ஆயினும் முகமூடி தன்னிலையை அழித்துவிடவில்லை. 1999ஆம் ஆண்டுத் தொகுப்பில் கேள்விக்குறி மட்டுமே தலைப்பாக அமைந்த பாடலில், இறந்த தம்பியின் நினைவு நேரடியாகவே பேசப்படுகிறது. வில்லன் வேடத்தின் உள்ளிருந்தே அந்த ஆற்றாமை ஒலிக்கிறது. மறைத்தல் இங்கு வெளிப்படுத்தலுக்கு வழியாகிறது.

இசையமைப்பிலும் இதே நெறி தொழிற்படுகிறது. 'மெட்டல் ஃபிங்கர்ஸ்' என்னும் பெயரில் 'ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்' என்ற குரலற்ற இசைத் தொகுதிகளை அவர் வெளியிட்டார். பழைய பாடல்களின் ஒலித்துணுக்குகளும் கேலிச்சித்திரத் தொடர்களின் வசனங்களும் அவருடைய தொகுப்புகளில் இணைகின்றன. பிறர் குரல்களை அடுக்கித் தன் கதையைச் சொல்லும் இம்முறை, ஒலியால் அமைந்த முகமூடியே ஆகும்.

நெறியின் எல்லை

2007 வாக்கில் சில நிகழ்ச்சிகளுக்கு அவர் தமக்குப் பதிலாக முகமூடியணிந்த வேறு ஆள்களை அனுப்பினார். பதிவுசெய்த குரலுக்கு வாயசைத்தவர்களைக் கண்டு, கட்டணம் செலுத்தி வந்தோர் சினமுற்றனர். தாம் எழுத்தாளரும் இயக்குநரும் என்பதால், பாத்திரத்தை யார் ஏற்பது என்பது தம் உரிமை எனப் பின்னாளில் அவர் விளக்கினார். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதன்று. முகம் இன்றியமையாததன்று என நிறுவியவர், உடனிருக்கும் குரலும் அவ்வாறே என வாதிட்டார். ஆனால் கரகரத்த தாழ்குரல், தாளத்திற்குச் சற்றே பின்தங்கும் நடை, அடிக்குள் அடுக்கடுக்காக வரும் இயைபுகள் ஆகியவற்றால் அமைந்த அவருடைய ஒலிப்பதிவுகளே அவ்வாதத்தை மறுக்கின்றன. பெயரையும் முகத்தையும் மாற்றலாம், அக்குரலுக்கு மாற்றில்லை.

மற்றோர் எல்லையை அரசு வகுத்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறாதிருந்த டுமிலே, 2010இல் ஐரோப்பியப் பயணத்திற்குப்பின் அந்நாட்டிற்குள் மீண்டும் நுழைய அனுமதி மறுக்கப்பட்டார். குடியேற்ற அலுவலர் முன் செல்லுபடியாவது ஆவணப் பெயர் ஒன்றே. புனைபெயர்கள் அங்குப் பயன்படவில்லை. 2020 அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் அவர் மறைந்தார். அச்செய்தி இரண்டு மாதங்களுக்குப் பின்னரே, டிசம்பர் 31 அன்று வெளியுலகிற்குத் தெரிவிக்கப்பட்டது.

முடிவுரை

டூமின் முகமூடி புனைந்தவரையும் பேசுபவரையும் பிரித்து, ராப் பாடலைத் தன்வரலாற்றுச் சான்றாக மட்டும் வாசிக்கும் வழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. மேடையில் அந்நெறி தோற்ற இடமும் ஒரு முடிவைத் தருகிறது: ராப் கலையில் கூற்றுக்குரியோர் பலராகலாம், அவர்களைத் தாங்கும் குரல் ஒருவருடையதே. எனவே ராப் பாடல்களை ஆராய்வோர், பாடகரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தேடுமுன் கூற்றையும் குரலையும் பிரித்தறிதல் வேண்டும்.