பொய் மேற்கோளும் ஏழையின் வழக்கும்

1937 ஏப்ரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் ஒரு கூட்டம் நடந்தது. மடுல்கெலைப் பகுதித் தோட்டமொன்றில் சின்னத்துரையாகப் பயின்று வேலையிழந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளை இளைஞர், அங்கே துரைமாரின் சுரண்டலைக் கண்டித்தார். தேசாதிபதி அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். உயர் நீதிமன்றமோ அக்கட்டளை செல்லாதெனக் கூறி அவரை விடுவித்தது. அத்தீர்ப்பு ‘நியூ லோ ரிப்போர்ட்ஸ்’ 39ஆம் தொகுதி, 193ஆம் பக்கத்தில் உள்ளது. கண்டி நீதிமன்றில் வாதிடும் சட்டத்தரணி அதைச் சுட்டலாம். எதிர்த்தரப்பார் ஏட்டைப் புரட்டிச் சரிபார்க்கலாம். மேற்கோள் வாதத்துக்கு அணிகலன் அன்று. நேற்றைய போராட்டம் இன்றைய எளியவனுக்கு விட்டுச்சென்ற ஆயுதம்.

இன்று அம்மேற்கோளைச் செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்டுப் பெறும் வழக்கம் பரவுகின்றது. அவ்வியந்திரத்தின் அடிப்படைத் தொழில், ஒரு சொல்லின் பின் எச்சொல் வரக்கூடும் எனக் கணிப்பதே. ஏட்டைத் திறந்து பாராமலே அது விடை சொல்லிவிடக்கூடும். வழக்கின் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் பிழையின்றி அமைந்திருக்கும், வழக்குத்தான் இராது.

2023 ஜூனில் நியூயோர்க் நீதிமன்றமொன்று, சட்ஜிபிடி புனைந்த ஆறு தீர்ப்புகளைச் சமர்ப்பித்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டொலர் தண்டம் விதித்தது. ‘இவை மெய்யானவையா?’ என அவர்களுள் ஒருவர் அதே இயந்திரத்தைக் கேட்டிருந்தார். ‘ஆம்’ என்றது அது. களவு போனதைக் கள்வனிடமே விசாரித்த கதை! 2025 ஜூனில் இலண்டன் மேல் நீதிமன்றம் ஆராய்ந்த ஒரு வழக்கில், காட்டப்பட்ட 45 மேற்கோள்களுள் 18 இல்லாத வழக்குகள். கட்சிக்காரரே இயந்திரத் துணையுடன் தேடித் தந்தவற்றைச் சட்டத்தரணி சரிபாராது ஏற்றிருந்தார்.

‘சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க இயலாத ஏழைக்கு இவ்வியந்திரம் துணையன்றோ?’ என அன்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே, இயந்திரத்தை நாம் பகைக்கவில்லை. ஆனால் வசதியுள்ளவன் சரிபார்க்க ஆள் வைத்துக்கொள்வான். சேவைக்காலப் பணத்துக்காக வழக்காடும் தோட்டத் தொழிலாளிக்கு அந்த வசதி ஏது? சட்டத்தரணி தண்டத்தைக் கட்டிவிட்டுப் போகலாம். தொழிலாளியோ வழக்கையே இழக்க நேரும். அடுத்து வருபவன் காட்டும் மெய்யான மேற்கோளையும் நீதிபதி ஐயத்தோடு நோக்குவார்.

ஆகவே, தீர்ப்புகள் யாவும் மூன்று மொழிகளிலும் இலவசமாக மக்களுக்குக் கிடைக்க வேண்டுமெனக் கோருவோம். ‘எந்த ஏடு, எந்தப் பக்கம்?’ எனக் கேட்டு, அதைத் தானே திறந்து பார்க்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் மாணவரிடம் வளர்க்க வேண்டும். உரிமையைக் காக்கும் கல்வி அங்கேதான் தொடங்குகின்றது.