'ரிங்கர் பெல்': ஒரு தேவதைப் படமும் அதன் கருத்தும்

சிறுவர்க்கென ஆக்கப்பெறுங் கதைகளையும் படங்களையும் திறனாய்வுக்குரியனவாகக் கொள்ளாது ஒதுக்கிவிடும் வழக்கங் கற்றோரிடையே உண்டு. அவை பொழுதுபோக்கின் பாற்பட்டவை என்பதும், குழந்தை கண்டு மகிழ்ந்தால் அதுவே போதும் என்பதும் அவர்தங் கருத்து. ஆயின் குழந்தை ஒரு கதையை ஒருமுறை மட்டுங் கேட்டு அமைவதில்லை. கேட்டதையே மீண்டும் மீண்டுங் கேட்கின்றது. பார்த்த படத்தையே பலமுறை பார்க்கின்றது. வளர்ந்தோர் பல நூல்களிற் சிறிது சிறிதாகப் பெறுவதை அஃது ஒரு கதையிலிருந்தே பெற்றுவிடுகின்றது. ஆதலின், அத்தகைய படமொன்று உலகைப்பற்றி யாது சொல்கின்றது என வினவுதல் வீண்செயலன்று. அவ்வினாவுக்கு ஏற்ற படங்களுள் ஒன்று, வால்ற் டிஸ்னி நிறுவனத்தார் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட 'ரிங்கர் பெல்' என்னுஞ் சித்திரப்படமாகும். அதனை நெறிப்படுத்தியவர் பிராட்லி றேமண்ட் என்பவர்.

ஆங்கிலத்திலே 'பெயறி' எனப்படும் சிறகுடைய சிற்றுருவத்தைத் தமிழிலே தேவதை என்பர். எனினும் இரண்டும் ஒன்றல்ல. தமிழ்வழக்கில் தேவதை வழிபாட்டுக்குரியது. அணங்கும் மோகினியும் அஞ்சத்தக்கன. மேனாட்டுப் பெயறியும் பண்டைக் கிராமியக் கதைகளில் அஞ்சத்தக்கதாகவே இருந்தது; பிற்காலச் சிறுவரிலக்கியத்திலேதான் அது விளையாட்டுத் தோழியாயிற்று. வேறு சொல் இன்மையின் தேவதை என்னுஞ் சொல்லே ஈண்டும் ஆளப்படுகின்றது.

ரிங்கர் பெல் டிஸ்னி நிறுவனத்தாரின் படைப்பன்று. ஸ்கொத்லாந்து நாட்டவரான ஜே. எம். பரி (1860-1937) எழுதிய 'பீற்றர் பான்' நாடகம் 1904ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இலண்டனில் முதன்முதல் மேடையேறியபோது அவள் பிறந்தாள். அந்நாடகத்தில் அவளுக்கு உடலில்லை. மேடையிலே அங்குமிங்கும் பாயும் ஓர் ஒளிப்பொட்டே அவள். அவளுக்கு மொழியுமில்லை, மணியோசையே அவள் பேச்சு. ஊரூராகச் சென்று ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுப்போனை ஆங்கிலத்தில் 'ரிங்கர்' என்பர். தேவதைகளின் சட்டிகளையுங் கெண்டிகளையுஞ் செப்பனிடுபவள் ஆதலின் அவளுக்கு அப்பெயர் வாய்த்தது. 1953இல் டிஸ்னி நிறுவனத்தார் அக்கதையைச் சித்திரப்படமாக்கியபோது அவளுக்கு உருவம் வந்தது, பேச்சு வரவில்லை. 2008ஆம் ஆண்டுப் படத்திலேதான் அவள் வாய்திறந்து பேசுகின்றாள். பாத்திரஞ் செப்பனிடுபவள் என அன்று பரி போகிறபோக்கிற் சொன்ன செய்தியே இப்படத்தின் முழுப்பொருளாக விரிகின்றது.

கதை எளியது. குழந்தையொன்றின் முதற்சிரிப்பிலிருந்து தேவதை தோன்றும் என்பது பரியின் கற்பனை. படமும் அதனையே கைக்கொண்டு தொடங்குகின்றது. சிரிப்பிலிருந்து தோன்றிய ரிங்கர் பெல்லைக் காற்று தேவதைகளின் உறைவிடத்திற் கொண்டுசேர்க்கின்றது. அங்கே பல தொழில்களுக்குமுரிய பொருள்கள் அவள்முன் வைக்கப்படுகின்றன. ஏனையவை மங்க, சுத்தியல் ஒளிவிடுகின்றது. அன்றே அவள் கைவினைத் தேவதை என முடிவாகின்றது. நீர், ஒளி, விலங்கு முதலியவற்றைப் பேணுந் தேவதைகள் இளவேனிலைக் கொண்டுசெல்ல மாந்தருலகுக்குப் போவர். கைவினைத் தேவதைகள் போவதில்லை. பிறர்க்கு வேண்டுங் கருவிகளைச் செய்துகொடுத்துவிட்டு ஊரிலிருப்பர். இதனை அறிந்ததும் அவள் தன் தொழிலை வெறுத்து, தோழியரிடம் வேறு தொழில்களைப் பயில முனைகின்றாள். ஒன்றும் கைகூடவில்லை. விரைந்து பறக்கும் வல்லமையுடைய விடியா என்பவளின் தீய அறிவுரையைக் கேட்டு, ஓடுந் தன்மையுள்ள முட்செடிகளை அடக்கப் புகுகின்றாள். அவை இளவேனிலுக்கென ஆயத்தஞ் செய்தவற்றையெல்லாம் மிதித்தழிக்கின்றன. ஈற்றில், மாந்தருலகிலிருந்து ஒதுங்கிய பொருள்களைக்கொண்டு அவள் புதிய பொறிகளை அமைக்கின்றாள். வேலை விரைவில் முடிகின்றது. இளவேனில் தவறாது செல்கின்றது.

இப்படத்தின் சிறப்பைக் காண வேண்டுமாயின் கடற்கரைக் காட்சியைக் கருதல் வேண்டும். தோல்வியால் மனமுடைந்து கரையில் நிற்கும் ரிங்கர் பெல், சிதறிக்கிடக்கும் இசைப்பெட்டியின் உறுப்புக்களைக் காண்கின்றாள். ஒன்றை எடுத்துப் பார்க்கின்றாள், அதற்குப் பொருந்துவது எதுவெனத் தேடுகின்றாள், துயரை மறக்கின்றாள். பெட்டி ஒன்றுகூடி இசைக்கின்றது. அவள் இத்துணை நேரமுஞ் செய்தது தான் வெறுத்த தொழிலையே என்பதைத் தோழியர் சொல்லித்தான் அவள் அறிகின்றாள். தொழிலின்பம் என்பது யாது என்பதைச் சிறுவர்க்கு இதனினுந் தெளிவாகக் காட்டல் அரிது. புகழோ பரிசோ அங்கே இல்லை; உடைந்த ஒன்று கையிலே பொருந்திவரும் நிறைவு மட்டுமே உண்டு. கைத்தொழிலைத் தாழ்ந்ததெனக் கருதும் மனப்பான்மைக்கு இக்காட்சி நல்ல மறுமொழியாகும்.

ஆயினும் இக்காட்சியே படத்தின் குறையையுங் காட்டிக்கொடுக்கின்றது. சுத்தியல் ஒளிவிட்ட அன்று ரிங்கர் பெல் எதனையுஞ் செய்து பார்த்தவளல்லள். தோல்வியும் அறியாள், விருப்பும் அறியாள். பிறந்த பொழுதிலேயே அவள் தொழில் வகுக்கப்பட்டுவிட்டது. பின்னர் அவள் பிற தொழில்களைப் பயிலச் செய்த முயற்சி யாவும் நகைப்புக்குரியனவாகவே காட்டப்படுகின்றன. ஒரு வேலையை நான்குமுறை செய்து, ஐந்தாம் முறை சிறிதளவு தேறினாள் என்னுங் காட்சி எங்குமில்லை. இயல்பாக வராதது பயின்றாலும் வராது என்பதே இதனாற் பெறப்படுங் கருத்து.

இதற்கு ஒரு சமாதானங் கூறலாம். சுத்தியலின் ஒளி விதியன்று. ஒவ்வொருவரிடமும் மறைந்துகிடக்குந் திறமையின் அடையாளமே அது என்பதே அச்சமாதானம். அஃது ஓரளவு பொருந்தும். ஆனால் மறைந்துகிடக்குந் திறமை செயலிலே வெளிப்படுவது, சடங்கிலே வெளிப்படுவதன்று. கடற்கரைக் காட்சி அதனைச் செயலிலே வெளிப்படுத்துகின்றது. அக்காட்சி இருக்கச் சுத்தியலின் ஒளிக்குத் தேவையே இல்லை. ஒளிவிட்டிராவிடினும் ரிங்கர் பெல் அந்தப் பெட்டியை ஒன்றுகூட்டியிருப்பாள். தன்னைத் தானே கண்டிருப்பாள். அக்காட்சி இன்னும் வலிமையுற்றிருக்கும். படத்தை ஆக்கியோர் தம் கையிலிருந்த உண்மையை நம்பாது மந்திரத்தைத் துணைக்கழைத்தனர் எனலாம்.

முடிவிலும் இக்குறை தொடர்கின்றது. இசைப்பெட்டியை அதற்குரிய சிறுமியாகிய வென்டியிடஞ் சேர்க்கும்பொருட்டு ரிங்கர் பெல் மாந்தருலகு செல்ல இசைவு பெறுகின்றாள். காண்போர் நெஞ்சை நெகிழ்விக்கும் முடிவுதான். எனினும் அவ்விசைவு அவளது அருஞ்செயலுக்குக் கிடைத்த பரிசு. ஊரைக் காத்தவளுக்கே வழி திறக்கின்றது. ஊரைக் காக்கும் வாய்ப்பின்றி நாடோறுங் கெண்டி செய்துகொண்டிருக்கும் ஏனைய கைவினைத் தேவதைகளின் நிலை பற்றிப் படம் கவலைகொள்ளவில்லை. தொழிலுக்கு மதிப்புண்டு எனச் சொல்லவந்த படம், அருஞ்செயலுக்கே மதிப்புண்டு எனச் சொல்லி முடிகின்றது.

பாத்திரப் படைப்பிலும் ஓர் இழப்பு நேர்ந்துள்ளது. பரியின் ரிங்கர் பெல் பொறாமையும் அன்பும் ஒருங்கே உடையவள். வென்டியை அம்பெய்து வீழ்த்தும்படி சிறுவரை ஏவியவளும் அவளே. பீற்றருக்கென வைக்கப்பட்ட நஞ்சைத் தானே பருகி அவனைக் காத்தவளும் அவளே. உருவஞ் சிறிதாதலின் ஒருபோழ்தில் ஓருணர்ச்சிக்கே அவளிடத்தில் இடமுண்டு என்று பரி காரணங் காட்டுவார். குழந்தையின் மனம் எத்தகையது என்பதை அறிந்தவரின் கூற்று அது. படமோ இவ்வியல்பை இரு கூறாக்கியது. நற்பண்பெல்லாம் ரிங்கர் பெல்லுக்கும் பொறாமையெல்லாம் விடியாவுக்கும் உரியவாயின. கதாநாயகிக்குச் சிறு கோபம் மட்டும் எஞ்சியது. தன் நெஞ்சிலும் பொறாமை எழுவதை அறிந்த குழந்தைக்குப் பழைய ரிங்கர் பெல் துணையாவாள்; புதியவள் அறிவுரையாவாள்.

மற்றொன்றுஞ் சொல்லத்தக்கது. நாடகத்திலே நஞ்சுண்ட ரிங்கர் பெல்லின் ஒளி மங்கும்போது, தேவதைகள் உண்டென நம்புவோர் கைதட்டுமாறு பீற்றர் அவையினரை வேண்டுவான். சிறுவர் தட்டுங் கையொலியால் அவள் உயிர்பெறுவாள். கண்ணுக்குத் தெரிவது ஓர் ஒளிப்பொட்டே. எஞ்சியதைக் குழந்தையின் கற்பனையே நிறைத்தல் வேண்டும். கணினிவழி ஆக்கப்பெற்ற இப்படத்திலோ இலையும் பனித்துளியும் சிறகின் நரம்புங்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. அழகிற் குறைவில்லை. ஆயினும் குழந்தை செய்வதற்கு அங்கே ஒன்றுமில்லை.

இப்படத்தின் சித்திரங்களுக்கு அசைவூட்டும் பணியிற் பெரும்பங்கு பிராணா என்னும் நிறுவனத்தின் மும்பைக் கூடத்தில் நடைபெற்றது. பிறர் இளவேனிலைக் கொண்டுசெல்லப் பின்னின்று கருவி செய்வோரைப் போற்றும் ஒரு கதை, பெயர் அறியப்படாத பல கைவினைஞரின் உழைப்பால் உருப்பெற்றமை கருதத்தக்கது. படம் சொல்லவந்த உண்மைக்கு அதுவே தக்க சான்று.

குறையும் நிறையும் எண்ணி நோக்குமிடத்து, 'ரிங்கர் பெல்' சிறுவர் காணத்தக்க படமே என்பது துணிபு. உழைப்பை இழிவுசெய்யாத சித்திரப்படங்கள் பலவல்ல. ஆயினும் அதனைச் சிறுவர்க்குக் காட்டும் பெற்றோரும் ஆசிரியருஞ் சுத்தியற் காட்சியோடு நின்றுவிடாது கடற்கரைக் காட்சியையுஞ் சுட்டிப் பேசுதல் நன்று. பள்ளிக்கூடங்களிலும் ஒருவகைச் சுத்தியல் உண்டு. ஒரு பரீட்சையின் புள்ளிகளைக்கொண்டு இவனுக்குக் கணிதம் வரும், அவனுக்கு வாராது எனச் சிறுபிராயத்திலேயே வகுத்துவிடுகின்றோர் பலர். எந்தப் பொருள் ஒளிவிடுகின்றது என்று பார்த்திருப்பது எளிது. பொருள்களையெல்லாங் குழந்தையின் கைக்கெட்ட வைத்து, அஃது எதனோடு தன்னை மறந்து அமர்கின்றது எனப் பொறுத்திருந்து காண்பதே அரிது. அவ்வரிய பணியே ஆசிரியர்க்குரியது.