பட்டாளமும் மரியாதையும்: யாழ்ப்பாணத்தை முன்வைத்து

நாஞ்சில்நாட்டில் 'மிலிட்டரிக்காரர்' என்றாலே ஒரு பிம்பம் எழும். நேரம் தவறாதவர், நியாயம் பேசுபவர். நாலுபேர் கூடுற இடத்துல அவருக்குன்னு ஒரு நாற்காலி உண்டு. இந்த மரியாதையை யாழ்ப்பாணம் என்ன செய்தது என்பதே என் கேள்வி.

1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ் மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறை. பெண்கள்மீதான வன்முறைகளை 'முறிந்த பனை' பதிவுசெய்தது. புலிகளையும் அது விட்டுவைக்காததால், ஒருதரப்புப் பிரச்சாரமென்று அதை ஒதுக்க முடியாது. 1990 மார்ச்சில் திரும்பிய படையை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை.

'எல்லாரும் அப்படியா? ஒண்ணு ரெண்டு பேரு செஞ்சிருப்பான்' என்பது வழக்கமான சமாதானம். இருக்கலாம். ஆனால் வீரம் படை முழுமைக்கும் பொது, குற்றம் மட்டும் தனியாள் கணக்கு என்றால் இது எந்த ஊர் நியாயம்? தனியாள் குற்றமென்றால் அந்தத் தனியாளைப் பெயர் சொல்லிக் கூண்டில் ஏற்ற வேண்டும். மருத்துவமனையில் இறந்தவர்கள் இருதரப்புச் சூட்டில் சிக்கியவர்கள் என்றது ராணுவம். பேச்சு அத்தோடு முடிந்தது. 2004 ஜூலையில் இம்பால் காங்லா கோட்டை வாசலில் தாய்மார்கள் ஆடை களைந்து நின்றதும் இத்தகைய மூடலுக்கு எதிராகத்தான்.

குற்றத்தைப் பேசினால் ராணுவத்தின் மானம் போகும் என்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். செய்தவன் பெயர் மறைக்கப்படும்போது செய்யாதவனும் சந்தேகத்துக்குள் வந்துவிடுகிறான். 'சிலோன்லயா இருந்தீரு?' என்று ஊரில் யாராவது கேட்டால், ஒரு தப்பும் செய்யாத நம்மூர் சிப்பாய்க்கும் பதில் தொண்டையிலேயே நின்றுவிடும்.