எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

2009 ஜூன் மாதம் அம்பத்தூரில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் நான் ஒரு கவிதை வாசித்தேன். முள்ளிவாய்க்கால் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. கவிதையில் கடல் இருந்தது, குருதி இருந்தது, பால் வற்றிய மார்போடு ஒரு தாய் இருந்தாள். கூட்டம் கைதட்டியது. அஞ்சலிக் கூட்டத்தில் கைதட்டலாமா என்று அன்று எனக்கும் தோன்றவில்லை. பிறகு அது என் முதல் தொகுப்பில் வந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, என் மாணவி ஒருத்தி அந்தத் தொகுப்பைக் கல்லூரி நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டு வந்தாள். புழல் காவாங்கரை முகாமிலிருந்து பேருந்தில் வருகிறவள். இங்கேயே பிறந்தவள், வகுப்பில் எங்கள் தமிழ்தான் பேசுவாள், மனம் கலங்கினால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்துவிடும். "நல்லா இருக்கு மேம்" என்றாள். போக மனமில்லாமல் கொஞ்சம் நின்று, "ஆனா ஆர் சுட்டது எண்டு இதில எங்கயும் இல்லையே" என்றாள்.

வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். உடல்கள் சிதறின. ஊர்கள் எரிந்தன. மருத்துவமனை சரிந்தது. எல்லாமே தன்வினை. புயலைப் பற்றி எழுதியிருந்தாலும் இதே வினைமுற்றுகள் போதும். இலக்கணம் கற்பித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். கொலையைப் பற்றி எழுதிய கவிதையில் கொன்றவருக்கு இடம் வைக்கவில்லை.

என்னை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர முடியாது. 2009க்குப் பிறகு தமிழ்நாட்டில் வந்த அஞ்சலித் தொகுப்புகளையும் துண்டறிக்கைகளையும் மேடைப் பேச்சுகளையும் திரும்பப் பார்த்தால், ஈழப் பெண் மூன்று வடிவங்களில்தான் வருகிறாள்: அழும் தாய், சிதைக்கப்பட்ட உடல், பழிவாங்க எழும் தெய்வம். இசைப்பிரியாவின் காணொளி 2013இல் வெளியானபோது, அதிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி ஒட்டிய சுவரொட்டியை ஆவடியில் ஒரு டீக்கடைச் சுவரில் பார்த்தேன். ஆண்கள் அதன் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒட்டியவர்களுக்குக் கோபம் உண்மைதான். ஆனால் கொன்றவர்கள் எடுத்த படத்தையே நாமும் எடுத்து ஒட்டினோம். செய்தி வாசித்த பெண்ணின் முகம் எத்தனையோ படங்களில் இருந்தது. அதில் ஒன்றைத் தேட நமக்குப் பொறுமையில்லை.

தெய்வமாக்குவதும் இதற்குச் சளைத்ததல்ல. மேடைகளில் கண்ணகி வராத நாள் இல்லை; வருகிறவள் மதுரையை எரிப்பவள் மட்டும். வழக்குரை காதையில் அவள் அதற்கு முன் என்ன செய்கிறாள்? தன் ஊரைச் சொல்கிறாள், கணவன் பெயரைச் சொல்கிறாள், கொன்றவன் நீ என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்று அரசன் சட்டம் பேசும்போது, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சான்று முன்வைக்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. உடைத்துப் பார்த்ததும் வழக்கு முடிந்துவிடுகிறது. நம் இலக்கியத்தின் மிகப் பெரிய பெண், வழக்காடியவள். நாம் அவளிடமிருந்து தீயை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அந்தத் தாய்மார்களை இப்போது பார்க்கலாம். 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன் உட்கார்ந்தவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள். இலங்கை அரசு அமைத்த நிறுவனத்தின் தமிழ்ப் பெயர் 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்'. ஆட்கள் தாங்களாகவே எங்கோ போய்விட்டதுபோல. தாய்மார்கள் தங்களை 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள்' என்கிறார்கள். எந்தத் தமிழ்த்துறையும் கற்றுத்தராத துல்லியம் இது. ஆக்கப்பட்டோர் என்று சொன்ன உடனே, ஆக்கியவர் யார் என்ற கேள்வி வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

என் மாணவியின் பெரியம்மா அங்கே போய் உட்கார்கிறவர். அவர் மகனை 2008இல் இயக்கம் கட்டாயமாகக் கொண்டுபோனது. 2009 மே 18 அன்று வட்டுவாகலில் அவன் இராணுவத்திடம் சரணடைந்ததை அவர் கண்ணால் பார்த்தார். யார் கொண்டுபோனது என்று அவரைக் கேட்டால் இரண்டு பதில் வரும், இரண்டையும் சொல்வார். நம் மேடைகளோ ஒன்றைத்தான் கேட்கும். ஐ.நா. தலைமைச் செயலாளர் அமைத்த மூவர் குழு 2011இல் தந்த அறிக்கை, நாற்பதாயிரம் பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்றும், பாதுகாப்பு வலயங்களையும் மருத்துவமனைகளையும் இராணுவம் எறிகணைகளால் தாக்கியது என்றும் சொன்னது. தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொன்னது. முதல் பகுதியை மொழிபெயர்த்து விநியோகித்தோம். இரண்டாவதை மடித்து வைத்துக்கொண்டோம். அங்கேயும் ஓர் எழுவாய் காணாமல் ஆக்கப்பட்டது.

உலகத்தின் மொழி நம்முடையதைவிட மேலானது என்று நான் சொல்லவில்லை. 2008 செப்டம்பரில் கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் திரண்டு, போகாதீர்கள் என்று மக்கள் மன்றாடினார்கள். ஊழியர்கள் போனார்கள். 2012இல் ஐ.நா.வே நடத்திய உள்விசாரணை, தன் அமைப்பின் தோல்வியை ஒப்புக்கொண்டது. பாண்டியன் தன் பிழை தெரிந்த கணத்தில் உயிர் விட்டான். இவர்கள் இன்னொரு குழு அமைத்தார்கள். 2009 மே 27 அன்று மனித உரிமைகள் பேரவை இலங்கையைப் பாராட்டும் தொனியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரித்த 29 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2012, 2013இல் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை ஆதரித்தது. 2014, 2021, 2022இல் வாக்களிக்காமல் விலகிக்கொண்டது. விலகுவதும் ஒரு வினைதான். அதற்கு எழுவாய் நம் அரசு. தொலைவில் இருக்கும் ஜெனீவாவைத் திட்டுவது சுலபம். வெளிநாட்டினர் சட்டத்தின் பெயரால் ஈழத் தமிழரை அடைத்துவைத்த சிறப்பு முகாம் பூந்தமல்லியில் இருந்தது. அந்தச் சாலையில் எத்தனை முறை பேருந்தில் போயிருக்கிறேன். என் கவிதையில் ஜெனீவா இருந்தது, பூந்தமல்லி இல்லை.

இருந்தாலும் நீதிமன்றம் என்பதைப் பெண்கள் கைவிட்டுவிட முடியாது என்று நான் நினைப்பதற்கு ருவாண்டா வழக்கு ஒன்று காரணம். டாபா என்ற ஊரின் மேயர் அகயேசு மீது முதலில் பதிவான குற்றச்சாட்டில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சிக் கூண்டில் நின்ற ஒரு பெண், தன் சிறுமகளுக்கு நேர்ந்ததைத் தானாகச் சொன்னாள். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். அடுத்து வந்த பெண்ணும் சொன்னாள். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வன்புணர்ச்சியும் இனப்படுகொலையே என்று 1998 செப்டம்பர் 2 அன்று ஓர் அனைத்துலக நீதிமன்றம் முதன்முதலாகத் தீர்ப்பளித்தது. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை, டர்பனில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள், தமிழ் வம்சாவளி. அவரே ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2013இல் இலங்கைக்குப் போனபோது, அவரை மணந்துகொள்ளத் தயார் என்று ஓர் அமைச்சர் பொதுவில் கேலி பேசினார். கேள்வி கேட்கும் பெண்ணை எதிர்கொள்ள வேறு வழி தெரியாதவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

1948 உடன்படிக்கையின்படி இனப்படுகொலை என்பது நிறுவ வேண்டிய குற்றச்சாட்டு. அழிக்கும் நோக்கம் இருந்தது என்பதைக் காட்டியாக வேண்டும். ஐ.நா.வின் 2015 விசாரணை அறிக்கை அந்த முடிவுக்கு வரவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் வடக்கு மாகாண சபை நிறைவேற்றிய தீர்மானம் வந்தது. எனக்கும் அந்தச் சொல்லே சரி என்று படுகிறது. ஆனால் அதை வசைச்சொல்போல மேடையில் வீசியதற்கும், சாட்சியங்களைச் சேர்த்து நிறுவ முயன்றதற்கும் இடையில் பெரிய தூரம். அந்தத் தூரத்தை நடந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1996 செப்டம்பர் 7 அன்று, தேர்வு எழுதிவிட்டுத் திரும்பிய பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியைச் செம்மணிச் சாவடியில் இராணுவத்தினர் பிடித்தார்கள், வன்புணர்ந்து கொன்றார்கள். தேடிப்போன தாய் இராசம்மாவையும் தம்பியையும் அயலவர் ஒருவரையும் கொன்றார்கள். 1998இல் தண்டனை பெற்ற படையினரில் ஒருவன், செம்மணியில் நூற்றுக்கணக்கானவர்களைப் புதைத்திருப்பதாக நீதிமன்றத்தில் சொன்னான். மறு ஆண்டு தோண்டியபோது கிடைத்தவை 15 எலும்புக்கூடுகள். 2025இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் கிடைத்தவை இருநூறுக்கும் மேல். ஒரு நீலப் புத்தகப்பையும் ஒரு பொம்மையும் இருந்தன. ஆகஸ்ட் 5 அன்று, யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று அந்தப் பொருள்களைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். இராசம்மா அன்று சாவடிக்குப் போனது என் மகள் எங்கே என்று கேட்க. என் கவிதையின் தாய் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

தொகுப்பின் இரண்டாம் பதிப்பு வருகிறது. அந்தக் கவிதையை எடுத்துவிடலாமா என்று மாணவியிடம் கேட்டேன். "எடுக்காதீங்க மேம், வாசிச்ச தேதிய கீழ போடுங்க" என்றாள். போட்டிருக்கிறேன். 'மருத்துவமனை சரிந்தது' என்ற வரியை மட்டும் மாற்றினேன்: புதுக்குடியிருப்பு மருத்துவமனை, இலங்கை இராணுவம், எறிகணை. ஓசை உடைந்துவிட்டது. பதிப்பாளர் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டார், அச்சுப்பிழையா என்று.